தன்னுள் மீளும் மாறிகளின் எதிர்பார்ப்பு மதிப்பு: தாயக்கட்டையும் தண்ணீர்த் தொட்டியும்

தற்செயலாக நிகழும் ஒன்றின் அளவை முன்கூட்டியே உறுதியாகக் கூற இயலாது. ஆயினும் அது பன்முறை நிகழுமாயின், சராசரியாக எவ்வளவு அமையும் என்பதைக் கணித்தறிதல் கூடும். இங்ஙனம் கணித்தறியப்படும் சராசரியே 'எதிர்பார்ப்பு மதிப்பு' எனப்படும். மாறி பெறக்கூடிய ஒவ்வொரு மதிப்பையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் இது கிடைக்கும். பள்ளிப் பாடநூல்கள் கூறும் முறையும் இதுவே.

ஆனால் சில மாறிகளின் மதிப்புகளை வரிசையாக எழுதி முடிக்கவே இயலாது. காரணம் யாதெனில், அத்தகைய மாறியின் இலக்கணத்திலேயே அம்மாறி மறுபடியும் வந்துவிடுகிறது. ஒரு நோயாளியிடமிருந்து தொடங்கும் நோய்ப்பரவல், அவரிடமிருந்து நோய் பெற்ற ஒவ்வொருவரிடமிருந்தும் புதிதாகத் தொடங்கும் பரவல்களின் கூட்டாகும். இன்று தொடங்கும் காத்திருப்பு, இன்று பயனில்லையாயின் நாளை தொடங்கும் காத்திருப்பேயாகும். இவற்றை 'மீள்வரு மாறிகள்' எனலாம். இவற்றின் எதிர்பார்ப்பு மதிப்பைக் காணும் முறையையும், அம்முறையைக் கையாளுங்கால் மேற்கொள்ள வேண்டிய எச்சரிக்கையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

1. தாயக்கட்டை

தாயம் தமிழ்நாட்டு வீடுகளில் ஆடப்படும் ஆட்டம். நீண்ட நாற்பக்கக் கட்டைகள் இரண்டு இதற்கு வேண்டும். ஒவ்வொரு கட்டையின் நான்கு பக்கங்களிலும் முறையே 1, 2, 3 என்னும் புள்ளிகளும், புள்ளியில்லாத வெறும் பக்கம் ஒன்றும் இருக்கும். இரு கட்டைகளையும் சேர்த்து உருட்டி, மேற்பக்கத்துப் புள்ளிகளைக் கூட்டுவர். இரண்டும் வெறும் பக்கமாக விழுந்தால் பன்னிரண்டு என்பது வழக்கு.

கட்டைகள் சீரானவையெனின் 4 × 4 = 16 வழிகள் சம வாய்ப்புடையவை. அவை பின்வருமாறு அமையும்.

தாயம் (1): 2 வழிகள்
இரண்டு: 3 வழிகள்
மூன்று: 4 வழிகள்
நான்கு: 3 வழிகள்
ஐந்து: 2 வழிகள்
ஆறு: 1 வழி
பன்னிரண்டு: 1 வழி

ஓர் உருட்டின் எதிர்பார்ப்பு மதிப்பைக் காண்பது எளிது. (2 + 6 + 12 + 12 + 10 + 6 + 12) என்னும் கூட்டுத்தொகை 60. அதனை 16ஆல் வகுக்க 3.75 வரும்.

இனி, ஆட்டத்தின் விதியைக் காண்க. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவற்றுள் ஒன்று விழுந்தால் ஆடுபவர் மீண்டும் உருட்டலாம். இரண்டு, மூன்று, நான்கு விழுந்தால் அவர் முறை முடிந்து கட்டை அடுத்தவர் கைக்குச் செல்லும். ஊருக்கு ஊர் விதிகள் சிறிது வேறுபடும். காயை வெட்டினால் கிடைக்கும் மறு உருட்டு போன்றவை இங்கே கருதப்படவில்லை.

ஒரு முறையில் ஒருவர் பெறும் மொத்தப் புள்ளி சராசரியாக எவ்வளவு? மதிப்புகளைப் பட்டியலிடத் தொடங்கினால் பட்டியலுக்கு முடிவில்லை. ஒருவருக்கு ஐந்தும், பின் ஆறும், பின் தாயமும், பின் மீண்டும் பன்னிரண்டும் விழக்கூடும். ஆகவே வேறு வழியை நாட வேண்டும்.

முதல் உருட்டு முடிந்தவுடன் நிலைமை யாது என்று நோக்குக. மறு உருட்டுக் கிடைத்திருப்பின், ஆடுபவர் ஒரு புது முறையைத் தொடங்குபவர் போன்ற நிலையிலேயே இருக்கிறார். கட்டைகளுக்கு நினைவு கிடையாது. முன்பு ஐந்து விழுந்தது என்பதனால் அடுத்த உருட்டில் மாறுதல் நேராது. எனவே,

ஒரு முறையின் மொத்தம் = முதல் உருட்டின் புள்ளி + (மறு உருட்டுக் கிடைத்தால்) ஒரு புது முறையின் மொத்தம்.

இருபுறமும் எதிர்பார்ப்பு மதிப்பை எடுக்க வேண்டும். அதனை 'ம' எனக் கொள்க. மறு உருட்டுக் கிடைக்கும் நிகழ்தகவு (2 + 2 + 1 + 1)/16 = 3/8. ஆகவே,

ம = 3.75 + (3/8) ம

(5/8) ம = 3.75; எனவே ம = 6.

முடிவில்லாத பட்டியல் ஒரே வரிச் சமன்பாடாகச் சுருங்கியது. மறு உருட்டு விதி, ஒரு முறையின் சராசரியை 3.75இலிருந்து 6ஆக உயர்த்துகிறது.

இம்முறையைக் காத்திருப்புக்கும் கையாளலாம். காய் கட்டத்தில் இறங்கத் தாயம் விழ வேண்டும். எத்தனை உருட்டுகளுக்குப் பின் தாயம் விழும்? எதிர்பார்ப்பு மதிப்பை 'உ' எனக் கொள்க. ஓர் உருட்டு எப்படியும் செலவாகும். 7/8 நிகழ்தகவுடன் தாயம் விழாமல் மீண்டும் தொடக்க நிலையே வரும். எனவே உ = 1 + (7/8) உ; உ = 8.

உருட்டுகளை எண்ணாமல் முறைகளை எண்ணினால் விடை வேறாகும். ஒரு முறைக்குள் தாயம் விழும் நிகழ்தகவு 'ப' என்க. முதல் உருட்டிலேயே தாயம் விழலாம் (1/8). அல்லது ஐந்தோ, ஆறோ, பன்னிரண்டோ விழுந்து (1/4) மறு வாய்ப்புக் கிடைக்கலாம். ப = 1/8 + (1/4) ப; ப = 1/6. எனவே சராசரியாக 6 முறைகள் காத்திருக்க வேண்டும். தாயத்துக்காகக் காத்திருப்பவர் ஒரு முறையில் உருட்டும் எண்ணிக்கையின் சராசரி 4/3. அதனை 6ஆல் பெருக்கினால் 8 வரும். இரு வழியாலும் வந்த விடை ஒத்திருப்பது கணக்குக்கு ஒரு சோதனையாகும்.

வகுப்பில் இதனைச் செய்து காட்டலாம். மாணவர்கள் சேர்ந்து 100 முறைகள் ஆடி, மொத்தப் புள்ளிகளைக் கூட்டி 100ஆல் வகுத்தால், அச்சராசரி பெரும்பாலும் 5க்கும் 7க்கும் இடையே அமையும். சரியாக 6 வராததைப் பிழையெனக் கருதலாகாது. ஆனால் 7ஐ வெகுவாகத் தாண்டினாலோ 5க்கு மிகவும் கீழே இறங்கினாலோ, கட்டைகள் தேய்ந்து ஒருபுறம் சாய்ந்துள்ளனவா என்று பார்ப்பது தக்கது.

2. முறையின் தோற்றம்

முதற்படியைப் பிரித்து, மீதியைப் பழைய நிலையாகவே கருதிச் சமன்பாடு அமைக்கும் இவ்வழி மிகப் பழையது. டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1657இல் வெளியிட்ட சூதாட்டக் கணக்குகள் பற்றிய நூலின் இறுதிக் கணக்கில் இதனைக் காணலாம். இருவர் மாறி மாறி இரண்டு பகடைகளை உருட்டுகின்றனர். முதலில் உருட்டுபவர் 6 வந்தால் வெல்வார். மற்றவர் 7 வந்தால் வெல்வார். ஆட்டம் எவ்வளவு நேரமும் நீளலாம். ஆயினும் இருவரும் ஒருமுறை உருட்டித் தோற்றால் தொடக்க நிலையே மீள்கிறது என்பதை ஹைகன்ஸ் கண்டு, இரு சமன்பாடுகளை அமைத்துத் தீர்த்தார். இரண்டாமவர் வாய்ப்புக்கும் முதல்வர் வாய்ப்புக்கும் உள்ள விகிதம் 31 : 30 என்பது விடை. இருபதாம் நூற்றாண்டில் இவ்வழி அணைக்கட்டுகளின் நீரிருப்பு, வரிசையில் காத்திருப்போர், தொற்றுநோய் முதலிய துறைகளுக்கு விரிந்தது.

3. லிங்கராஜபுரத்துத் தண்ணீர்த் தொட்டி

ஆட்டத்திலிருந்து அன்றாடத் தேவைக்கு வருவோமாக. பெங்களூரு கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. வற்றாத ஆறு எதுவும் அருகில் இல்லை. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீர் மேலேற்றிக் கொண்டுவரப்படுகிறது. இத்திட்டத்தின் முதற்கட்டம் 1974இல் நிறைவேறியது; ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2023ஆம் ஆண்டின் பருவமழை பொய்த்ததன் விளைவாக, 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் பல வற்றி நகரில் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது.

நகரின் வடகிழக்கில், கம்மனஹள்ளியை அடுத்துள்ள லிங்கராஜபுரம் போன்ற பகுதிகளின் வீடுகளில், குழாய் நீர் வரும்போது பிடித்து வைப்பதற்காகத் தரைக்கடியில் தொட்டி கட்டுவர். 'சம்ப்' என்பது அங்கு வழங்கும் பெயர். எவ்வளவு பெரிய தொட்டி கட்டுவது என்பது வீடு கட்டுவோர் ஒவ்வொருவரும் விடை காண வேண்டிய கேள்வி.

இத்தொட்டியின் இருப்பு ஒரு மீள்வரு மாறியாகும். நாளைய இருப்பு, இன்றைய இருப்புடன் வரவைக் கூட்டிச் செலவைக் கழித்ததாகும். ஆனால் இரண்டு வரம்புகள் உண்டு: கொள்ளளவுக்கு மேல் நீர் நில்லாது; பூச்சியத்துக்குக் கீழே இருப்பு இறங்காது.

கணக்கை எளிதாக்கும் பொருட்டு எண்களைப் பின்வருமாறு கொள்க. இவை விளக்கத்துக்காகக் கொண்டவையேயன்றி, அளந்து கண்டவை அல்ல. வீட்டின் ஒரு நாள் தேவை ஓர் அளவு. ஒவ்வொரு நாளும் குழாயில் நீர் வரும் நிகழ்தகவு 1/2. வந்தால் இரண்டு அளவு வரும். ஒரு நாளின் வரவு மற்றொரு நாளின் வரவைச் சார்ந்ததன்று. நீர் காலையில் வரும். செலவு அதன் பின்னர் நிகழும். தொட்டியின் கொள்ளளவு 2 அளவு.

சராசரி வரவு நாளொன்றுக்கு ஓர் அளவு. செலவும் ஓர் அளவு. வரவின் இடத்தில் சராசரியை வைத்துக் கணக்கிடுவோர், தொட்டி என்றுமே வறளாது என்ற முடிவுக்கு வருவர். அம்முடிவு தவறு என்பதைக் காண்க.

தொட்டி காலியாக இருந்து, நீரும் வராத நாளை 'வறண்ட நாள்' என்க. மாலையில் எஞ்சும் இருப்பு 0 அல்லது 1 ஆகவே இருக்கக்கூடும். இருப்பு 0 ஆயின் வறண்ட நாள் வரச் சராசரியாக எத்தனை நாளாகும் என்பதை ந0 எனவும், இருப்பு 1 ஆயின் எத்தனை நாளாகும் என்பதை ந1 எனவும் குறிக்க.

இருப்பு 0 ஆயின், மறுநாள் நீர் வராவிட்டால் அதுவே வறண்ட நாள். நீர் வந்தால் தொட்டி நிறைந்து, செலவு போக 1 எஞ்சும். இருப்பு 1 ஆயின், மறுநாள் நீர் வந்தால் தொட்டி நிறைந்து மீண்டும் 1 எஞ்சும், மிகுநீர் வழிந்துவிடும். வராவிட்டால் இருப்பு 0 ஆகும். எனவே,

ந0 = 1 + (1/2) ந1
ந1 = 1 + (1/2) ந1 + (1/2) ந0

இரண்டாம் சமன்பாட்டிலிருந்து ந1 = 2 + ந0. இதனை முதற்சமன்பாட்டில் இட ந0 = 4, ந1 = 6 என வரும்.

நிறைந்த தொட்டியுடன் தொடங்கும் வீடும் சராசரியாக ஆறாம் நாள் வறளும். அதன்பின் தொட்டி காலியாகவே இருப்பதால், ஒரு வறண்ட நாளுக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாக 4 நாட்களே. சராசரி வரவும் செலவும் சமமாக இருந்தும், நான்கு நாளைக்கு ஒரு நாள் தண்ணீர் லாரியை எதிர்நோக்க நேரிடுகிறது.

தொட்டியின் கொள்ளளவை இரட்டித்து 4 அளவாக்கினால் என்ன நேரும்? மாலை இருப்பு 0, 1, 2, 3 என நான்கு நிலைகளாகும். நான்கு சமன்பாடுகள் கிடைக்கும். தீர்த்தால் 8, 14, 18, 20 என முறையே வரும். நிறைந்த நிலையிலிருந்து முதல் வறட்சிக்கு 6 நாளுக்குப் பதில் 20 நாள். இரு வறண்ட நாட்களுக்கு இடைவெளி 4க்குப் பதில் 8 நாள். கொள்ளளவு இருமடங்காயின் முதல் வறட்சி மும்மடங்குக்கு மேல் தள்ளிப்போகிறது. ஆனால் ஒரு முறை வறண்ட பின் கிடைக்கும் ஆதாயம் இருமடங்கே. கோடைக்கு முன் தொட்டி நிறைந்திருத்தல் எவ்வளவு பயனுடையது என்பதை இது காட்டுகிறது.

இன்னொன்றையும் ஒப்பிடுக. நீர் தற்செயலாக வாராமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் தவறாமல் வருமாயின், சராசரி வரவு முன்போலவே நாளொன்றுக்கு ஓர் அளவுதான். அப்போது 2 அளவுத் தொட்டியே போதும். அது என்றும் வறளாது. ஆகவே குடும்பத்தை வருத்துவது வரவின் குறைவு மட்டுமன்று. வரவின் ஒழுங்கின்மையும் ஆகும். வட்டாரத்தின் நீர்வரவைப் பதிவு செய்யும் களப்பணியாளர், மாத மொத்தத்தை மட்டும் எழுதி, நீர் வந்த நாட்களை எழுதாது விடுவாராயின், இவ்வுண்மை பதிவேட்டிலிருந்து மறைந்துபோகும்.

4. ஓர் எச்சரிக்கை: எண் உண்டா என்று முதலில் காண்க

தொட்டிக்குக் கொள்ளளவு வரம்பே இல்லையெனக் கொள்க. காலியான நிலையிலிருந்து வறண்ட நாளுக்கு ந0 நாட்கள். இருப்பு 1 ஆயின், அது முதலில் 0க்கு இறங்க வேண்டும். பின்னர் அங்கிருந்து வறள வேண்டும். வரம்பில்லாத தொட்டியில் இவ்விரு இறக்கங்களும் ஒரே தன்மையன. ஆகவே ந1 = 2 ந0. முதற்சமன்பாட்டில் இட,

ந0 = 1 + ந0

என வரும். அதாவது 0 = 1. கணக்கில் எந்தப் படியும் தவறன்று. ஆயினும் விடை முரண்பாடு. காரணம் யாதெனில், ந0 ஓர் எண் என்று முன்னரே கொண்டுவிட்டதுதான். உண்மையில் அது முடிவிலி. கொள்ளளவு 2 ஆயின் 4, கொள்ளளவு 4 ஆயின் 8 என ந0 வளர்ந்ததை மேலே கண்டோம். வரம்பை நீக்கினால் அது எல்லையின்றி வளர்கிறது.

தொட்டி ஒரு நாள் வறளுமா என்று கேட்டால், கட்டாயம் வறளும் என்பதே விடை. அந்நிகழ்தகவு 'வ' என்றால் வ = 1/2 + (1/2) வ × வ; இதன் தீர்வு வ = 1 ஒன்றே. நிகழ்வது உறுதி, ஆனால் அதற்காகும் நாட்களின் சராசரி முடிவிலி. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாதல் கூடும் என்பதை மாணவர்க்கு அழுத்தமாகக் கூறுதல் வேண்டும்.

சில வேளைகளில் முரண்பாடு இவ்வளவு வெளிப்படையாகத் தோன்றாது. பொய்யான எண்ணே விடையாக வந்துவிடும். தொற்றுநோயை எடுத்துக்கொள்க. ஒரு நோயாளி சராசரியாக 'ர' பேருக்கு நோயைத் தருகிறார் எனின், அவரையும் சேர்த்து அப்பரவலின் மொத்த நோயாளிகளின் எதிர்பார்ப்பு மதிப்பு 'ம' பின்வரும் சமன்பாட்டுக்கு உட்படும்.

ம = 1 + ர ம; எனவே ம = 1/(1 − ர).

ர = 1/2 ஆயின் ம = 2. ர = 8/10 ஆயின் ம = 5. ர = 9/10 ஆயின் ம = 10. ஆனால் ர = 2 எனின் ம = −1 என வருகிறது! நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்றுக்குக் குறைவாதல் இயலாது என்பதனால் இங்குப் பிழை உடனே புலப்படுகிறது. உண்மையில் தலைமுறை தலைமுறையாக 1 + 2 + 4 + 8 என நோயாளிகள் பெருகுவர், கூட்டுத்தொகைக்கு முடிவில்லை. சூத்திரம் ர 1ஐ விடக் குறைவாக இருக்கும்போது மட்டுமே பொருந்தும். உண்மை ஊரில் மக்கள்தொகைக்கு வரம்பு உண்டாதலின் எண்ணிக்கையும் வரம்புடையதே. ஆனால் அப்போது இச்சமன்பாடு பொருந்தாது, வேறு சமன்பாடு வேண்டும்.

இங்கே ஒரு நற்செய்தியும் உளது. ர 1க்குக் கீழே வந்துவிட்டால், நோயை அடியோடு நிறுத்தாவிட்டாலும், ஒவ்வொரு பரவலும் தானே அவிந்துவிடும். ரவை 9/10இலிருந்து 8/10ஆகக் குறைத்தால் மொத்த நோயாளிகள் பாதியாவர். இந்தியாவில் பெரியம்மை ஒழிப்பின் இறுதிக் கட்டத்தில், நோயாளியைத் தேடிக் கண்டு, அவரைச் சுற்றியுள்ளோர்க்கு அம்மைகுத்தும் வழி கைக்கொள்ளப்பட்டது. இந்நாட்டின் கடைசி நோயாளி 1975 மே மாதத்தில் காணப்பட்டார். 1980இல் உலகம் முழுவதும் பெரியம்மை ஒழிந்ததாக உலகச் சுகாதாரப் பேரவை அறிவித்தது. வீடு வீடாகச் சென்ற களப்பணியாளர் குறைத்தது, கணக்கின் நோக்கில், 'ர' என்னும் இச்சிறு எண்ணையேயாகும்.

5. முறையின் சுருக்கம்

(அ) மாறியை முதற்படி, மீதி என இரண்டாகப் பிரிக்க.
(ஆ) மீதி, பழைய மாறியின் தன்மையை முழுதும் உடையதா என்று ஆராய்க. முன் நிகழ்ந்தது பின் நிகழ்வதைப் பாதிக்குமாயின், வெவ்வேறு நிலைகளுக்கு வெவ்வேறு குறியீடுகள் தருக.
(இ) இருபுறமும் எதிர்பார்ப்பு மதிப்பை எடுத்துச் சமன்பாடு அமைக்க. வரம்புகள் உள்ள இடத்தில் சராசரியை உள்ளே இட்டுக் கணக்கிடலாகாது.
(ஈ) தீர்ப்பதற்கு முன், எதிர்பார்ப்பு மதிப்பு முடிவுள்ளதா என்று காண்க. மறுபடியும் தொடங்கும் வாய்ப்பு, அல்லது தொடங்கும் பரவல்களின் சராசரி எண்ணிக்கை, 1ஐ விடக் குறைவாயின் ஐயமில்லை.
(உ) விடையைச் சிறு சோதனையாலோ வேறு வழியாலோ சரிபார்க்க.

6. பயிற்சி

1. அறுபக்கப் பகடை ஒன்றை உருட்டி, 6 விழுந்தால் மட்டும் மீண்டும் உருட்டலாம் எனின், ஒரு முறையின் சராசரி மொத்தம் யாது? (விடை: 4.2)
2. லிங்கராஜபுரத்துத் தொட்டியின் கொள்ளளவு 3 அளவு எனின், இருப்பு 0, 1, 2 ஆகிய நிலைகளிலிருந்து முதல் வறண்ட நாளுக்கு எத்தனை நாட்கள்? (விடை: 6, 10, 12)
3. ர = 3/4 ஆயின் ஒரு பரவலின் சராசரி நோயாளிகள் எத்தனை பேர்? (விடை: 4)

இரண்டாம் கணக்கைச் செய்யும் மாணவர், கொள்ளளவு 2, 3, 4 ஆகியவற்றுக்கு நிறைந்த தொட்டியிலிருந்து வந்த விடைகளான 6, 12, 20 ஆகியவற்றை உற்றுநோக்கினால், அவை 2 × 3, 3 × 4, 4 × 5 என அமைந்திருப்பதைக் காண்பர். அவ்வொழுங்கு எல்லாக் கொள்ளளவுக்கும் பொருந்துமா என்பதைத் தாமே ஆராயுமாறு அவர்களை ஊக்குவித்தல் ஆசிரியரின் பணியாகும்.